பார்சல் இல்லாத கடை

சாப்பாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது கைப்பக்குவத்தைப் பற்றித்தான். கூனிச் சுண்டலுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ, பாலாணத்துக்குப் புளி எப்போது விடுவது, தயிர் எப்படிக் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைகிறது. இதையெல்லாம் என் மச்சாளிடம் கேளுங்கள். கடை நடந்த காலம் முழுவதும் அடுப்பு அவளுடையது. யாராவது கேட்கமாட்டார்களா என்று இப்போதும் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

என் வேலை வேறு. யாருக்கு என்ன பதில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த நாளில் கடையைத் திறப்பது, எந்த நாளில் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பது. யுத்த காலத்தில் மட்டக்களப்பில் சோற்றுக்கடை வைத்திருந்தவர்களுக்கு இதுதான் பெரிய வேலை. உங்களுக்கு அப்படியான நாட்கள் வரவேண்டாம். ஆனால் பத்துப் பேருக்குச் சோறு போடத் தொடங்கினால், பதினோராவது ஆளாக ஒரு சிக்கல் வந்து வரிசையில் நிற்கும். அதற்கும் ஏதாவது பரிமாறத்தான் வேண்டும். எனக்கு வந்ததையும் நான் பரிமாறியதையும் சொல்கிறேன்.

என் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவைத் தாண்டி உள்ளே. சூரியன் படுகிற பக்கம் என்பதால் அந்தக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். சுற்றிவர வட்டை வட்டையாக வயல், நடுநடுவே குளம். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். என் விஷயத்தில் நாட்டுக் குழப்பம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. நான் வாவியைக் கடந்து கிழக்குக் கரைக்கு, நாவற்குடாவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே பெரிய ரோட்டோடு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. பக்கத்தில் தகரம் போட்ட அறை ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஏதாவது செய்வோம் என்று நானும் அவருடைய தங்கச்சியும், அதாவது என் மச்சாளும், தொடங்கினோம்.

தொடங்கியது என்ன தெரியுமா? றோல்ஸ், பற்றிஸ், கட்லட். பட்டணத்தில் எல்லாக் கடைகளிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அதுதான் இருந்தது. எங்களுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்வித்தோம். அதற்குள் றோல்ஸ் அடுக்கினோம். பின்னேரம் அவற்றை நாங்களே எடுத்துச் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் நன்றாகக் கொழுத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டை மட்டும் நானும் மச்சாளும் உள்ளே தனியாகச் சமைப்போம். அது ஊர்ச் சாப்பாடு. சிவப்பு நாட்டரிசிச் சோறு, வாவி மீனில் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக வைத்த பாலாணம், கூனிச் சுண்டல். கூனி என்பது வாவியில் பிடிபடுகிற பொடி இறால். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டுச் சுண்டினால் வாசனை மதில் தாண்டிப் போகும்.

அது ஒரு நாள் மதில் தாண்டித்தான் போயிற்று. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், அவர்கள் பேச்சில் நானா, சைக்கிளுக்குக் காற்றுப் போய் எங்கள் கடையில் நின்றார். பெற்றோல் கிடைக்காத காலம். வசதியானவர்களும் சைக்கிளில்தான் ஓடித்திரிந்தார்கள். டியூப்புக்கு ஒட்டுப் போடும் வரைக்கும் அவர் எங்கள் அறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி மணக்குது?"

"ஒண்டுமில்ல நானா. நாங்க சாப்பிடப் போறம்."

"அதத்தான் கேக்கன். என்ன சாப்பாடு?"

"கூனிச் சுண்டலும் சோறும். ஊர்ச் சாப்பாடு, கடைக்குச் சரிவராது. சூடா ரெண்டு றோல்ஸ் தரட்டா?"

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"றோல்ஸ் என்ட கடைக்குப் பக்கத்திலயும் இரிக்கு. அதுக்கு ஆர் இவ்வளவு தூரம் வருவான்? அந்தச் சோத்தில கொஞ்சம் தாங்க."

எனக்குக் கூச்சமாக இருந்தது. படுவான்கரைச் சாப்பாடு என்றால் பட்டணத்தில் சிரிப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சாளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. ஒரு பீங்கானில் சோற்றைப் போட்டு, பாலாணத்தை ஊற்றி, சுண்டலை ஓரத்தில் குவித்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். ஒட்டுப் போட்டு முடிந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வந்தவர் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்துத்தான் எழும்பினார்.

"நாளைக்கு எங்கட ஆக்கள் நாலு பேரக் கூட்டி வாறன். றோல்ஸ் தந்தீங்கண்டா திரும்பிப் போயிருவம்" என்றார்.

அவர் போனதும் மச்சாள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்தாள். "இந்தாங்க, சைக்கிள் சாமான் போட்டு வெய்ங்க. நல்லா விளங்கும்." கடை இருந்த காலம் முழுக்க அந்தப் பெட்டியில் செயினும் பெடலும்தான் இருந்தன. அவை றோல்ஸை விட நன்றாக விற்பட்டன.

கடைக்குப் பெயர்ப்பலகை போடவில்லை. 'படுவான்கரைச் சாப்பாடு' என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அந்தக் கரை அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது, எங்கள் கரை ஆமியின் கையில். என் வீட்டுக்காரர், "அந்தப் பேர எழுதி ரோட்டில தொங்கவிட்டா, நாளைக்கு ஆமி வந்து ஏன் எண்டு கேப்பான்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் சனமே அதைப் 'படுவான்கரைக் கடை' என்று சொல்லத் தொடங்கியது. சனம் சொல்வதை யாரும் வந்து கழற்றிக்கொண்டு போகமுடியாது. இறைச்சியும் போடவில்லை. மீன், இறால், கீரை, தயிர். யார் வந்தாலும் என்ன, ஏது என்று கேட்காமல் உட்கார்ந்து சாப்பிடலாம்.

தயிரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எருமைத் தயிர் என் ஊரிலிருந்து வரவேண்டும். ஊர்ப் பால்காரர் ஒருவர் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வழியில் ஆமியின் சோதனைச் சாவடி. தயிர்ச் சட்டிக்குள் எதையும் ஒளித்துக் கொண்டுவரலாம் என்பது அவர்களுடைய சந்தேகம். அதனால் ஒவ்வொரு சட்டியிலும் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்ப்பார்கள். கம்பி போன தயிர் தயிராக இராது. முதல் தடவை சட்டிகளைத் திறந்தபோது எல்லாம் தண்ணீரும் கட்டியுமாகக் கலங்கிக் கிடந்தது. அன்றைக்குத் தயிர் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்ற? அவனோட சண்டை பிடிக்க ஏலுமா?" என்றார் அவர்.

மச்சாள் சட்டிக்குள் விரலை விட்டுச் சுவைத்தாள். "புளிப்பு நல்லாத்தான் இரிக்கு. மோர் விப்பம்." வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு அன்றைக்கு மோர் கொடுத்தோம். வெயிலுக்கு அது நன்றாகவே போயிற்று. ஆனால் ஒவ்வொரு நாளும் மோர் விற்றுக்கொண்டிருக்க முடியாது.

கம்பியை நிறுத்தச் சொல்லி யாரிடமாவது போய்க் கேட்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கம்பி விடுகிறவனுடைய பயம் அவனுக்கு. அதைப் பேசித் தீர்க்க என்னால் முடியாது. கம்பி விட்டாலும் கெடாத சாமானைக் கொண்டுவரத்தான் என்னால் முடியும். அடுத்த நாளிலிருந்து தயிரை விட்டுவிட்டுப் பாலாகவே கொண்டுவரச் சொன்னேன். பாலில் கம்பியை விட்டால் பாலுக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் எப்படியும் இங்கே வைத்துக் காய்ச்சப் போகிறோம். இந்தக் கரையிலேயே சட்டி வாங்கி, இந்தக் கரையிலேயே உறைய வைத்தோம். முதலில் சரியாக வரவில்லை. மச்சாள் சட்டியை அடுப்படியில் வைத்துப் பார்த்தாள், சாக்கால் மூடிப் பார்த்தாள், ஊர்ச் சாமிக்கு நேர்த்தியும் வைத்தாள். எது வேலை செய்தது என்று தெரியாது, தயிர் உறைந்தது. அவள் இன்றைக்கும் சாமியைத்தான் சொல்கிறாள்.

இப்படியே கடை வளர்ந்தது. பட்டணத்து அலுவலகங்களிலிருந்து பார்சல் கேட்டார்கள். வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. காத்தான்குடியில் நானாவின் புடவைக்கடைப் பொடியன்மாருக்கும் மத்தியானப் பார்சல். என் வீட்டுக்காரர் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டி பூட்டி, கல்லடிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். கொஞ்ச நாளில் கடையில் இருந்து சாப்பிடுகிறவர்கள் பாதி, பார்சல் பாதி என்று ஆகிவிட்டது. நான் நிம்மதியாக இருந்தேன். நிம்மதியாக இருந்தால் ஒருதரம் ரோட்டை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இப்போது உங்களுக்குச் சொல்வேன்.

ஒரு காலைப்பொழுதில் ஜீப் ஒன்று வந்து கடை வாசலில் நின்றது. பக்கத்து ஆமிக் காம்ப்பின் அதிகாரி இறங்கி வந்தார். இளவயது, மரியாதையான ஆள். தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"அம்மா, உங்க சாப்பாடு நல்லம் எண்டு எல்லாரும் சொல்றது. காம்ப்புக்கு மத்தியானம் பார்சல் வேணும். ஒவ்வொரு நாளும். சரியா?"

நான் அரிசி அரித்துக்கொண்டிருந்தேன். "வீட்டில கேட்டுச் சொல்றன் சேர்."

"என்ன கேக்கிற? பேங்க்குக்குக் குடுக்கிறதுதானே." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "திங்கக்கிழமை வாறன்."

ஜீப் போனது. நான் அரிசி அரித்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

இந்தச் சிக்கலை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். ஆமிக் காம்ப்புக்கு என் கடைச் சாப்பாடு போகிறது என்றால், அந்தக் கதை பால்காரருக்கு முன்னமே வாவியைக் கடந்து என் ஊருக்குப் போய்விடும். அங்கே என் தாயும் சகோதரங்களும் இருக்கிறார்கள். பால் வருவது நிற்கும். அதோடு நின்றால் நல்லது, நிற்காமலும் போகலாம். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால், 'வங்கிக்குக் கொடுக்கிறாள், எங்களுக்கு மட்டும் இல்லை, ஊரும் அந்தக் கரை' என்று இந்தப் பக்கம் எழுதிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய சாவடியைத் தாண்டித்தான் சைக்கிளில் போகவேண்டும்.

மூன்று பேரும் கடையை அடைத்துவிட்டு உள்ளே இருந்து கதைத்தோம்.

"எனக்குச் சுகமில்ல எண்டு சொல்லுவம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எத்தின நாளைக்குச் சுகமில்லாம இருப்பீங்க?" என்றேன்.

"அப்ப நான் ஒண்டு சொல்றன்" என்றாள் மச்சாள். "குடுப்பம். ரெண்டு நாளைக்கு வாயில வெக்க ஏலாத மாதிரிச் சமைச்சுக் குடுக்கன். மறுகா அவனுகளே வேணாமெண்டிருவானுகள்."

"ஆருக்காவது வயித்தால போனா, நஞ்சு போட்டெண்டு சொல்லுவான் கா" என்றேன்.

வெளியே எங்கள் கடையைத் தாண்டி பஸ் ஒன்று போனது. அதிகாரி சொன்ன சொல்லே எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பேங்க்குக்குக் குடுக்கிறதுதானே. அவர் கையில் இருந்த பிடி அது ஒன்றுதான். வங்கிக்குக் கொடுப்பதால்தான் காம்ப்புக்கும் கேட்கிறார். வங்கிக்கே கொடுக்காவிட்டால்?

"பார்சலையே நிப்பாட்டுவம்" என்றேன்.

"ஆமிக்கா?"

"ஒருத்தருக்கும் இல்ல. பேங்க்குக்கும் இல்ல, ஆஸ்பத்திரிக்கும் இல்ல. வாறவன் இருந்து சாப்பிடட்டும்."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பாதி யாவாரம் போகும்."

"போகட்டும். முழுக்கப் போறதுக்குப் பாதி நல்லம்."

மச்சாளுக்கு உடனே பிடித்துவிட்டது. கட்டுகிற வேலை மிச்சம் என்றாள்.

சொல்வது சுகம். எல்லாருக்கும் இல்லை என்றால் எனக்கு வேண்டியவர்களுக்கும் இல்லை. முதலில் யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் இது நிற்கும் அல்லது விழும் என்று தோன்றியது. அதனால் முதலில் காத்தான்குடிக்குப் போனேன். நானா கடையில் சீலை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

"என்ன தங்கச்சி, எனக்குமா?"

"உங்களுக்கும்தான் நானா."

அவருடைய முகம் கறுத்தது. அந்தக் கடை உருவானதே அவரால் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நான் என்ன செஞ்சன்?"

"நீங்க ஒண்டும் செய்யல்ல. உங்களுக்குக் குடுத்தா இன்னொருத்தருக்கும் குடுக்கோணும். அது எனக்கு ஏலாது."

அவர் சீலையை மடித்து வைத்தார். இன்னொன்றை எடுத்து மடித்தார். வியாபாரி அல்லவா, எந்த இன்னொருத்தர் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"இருந்து சாப்பிட உங்கட கடையில வாங்கு காணாதே" என்றார் கடைசியாக. "என்ட பின்கடையில ரெண்டு வாங்கு சும்மா கிடக்கு. வண்டியில ஏத்தி அனுப்பிறன். பொடியனுகள் அங்க வந்தே சாப்பிடட்டும்."

உட்கார்ந்து சாப்பிட அன்றைக்கே அந்த இரண்டு நீள மர வாங்குகளும் வந்து சேர்ந்தன. 'பார்சல் இல்லை' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாசலில் ஒட்டினோம். வங்கிக்குச் சொன்னபோது மனேஜர் ஐயா கத்தினார். ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ், "உங்களுக்குக் காசு கூடிப்போச்சு" என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அதிகாரி வந்தார். நான் வாசலுக்குப் போய் நின்றேன்.

"சேர், பார்சல் நிப்பாட்டிட்டம். ஒருத்தருக்கும் இல்ல. கடைக்கு ஆர் வந்தாலும் சோறு இரிக்கு."

அவர் ஒட்டியிருந்த தாளை வாசித்தார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். உள்ளே வங்கி மனேஜர் ஐயா, சேர்ட்டின் கையை மடித்துவிட்டு, பீங்கானோடு வரிசையில் நின்றார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"உங்களுக்கும் பார்சல் இல்லையா?" என்று அதிகாரி சிங்களத்தில் அவரிடம் கேட்டார்.

"எனக்கா?" என்றார் மனேஜர் ஐயா, அதே சிங்களத்தில். "எத்தனை வருட வாடிக்கை நான். இந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், எனக்கே இல்லையாம். இது என்ன நியாயம் என்று நீங்களாவது கேளுங்கள்."

நான் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட அவர் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய கோபம் அசல் கோபம். அதிகாரி ஒரு கணம் நின்றார். வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினார்.

அடுத்த கிழமை என் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். என் தம்பியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது என்ன செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பது தெரியும். சைக்கிளுக்குக் காற்று அடிக்க வந்தவன் மாதிரி வந்து, அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, காம்ப்புக்குச் சாப்பாடு போகுதாமே."

"ஆரு மனே சொன்ன?"

"அக்கரையில கதைக்கிறாங்க."

"கதைக்கிற ஆக்களப் பேங்க் மனேஜரிட்டப் போய்க் கேக்கச் சொல்லு. அவருக்கே நான் குடுக்கிறல்ல. வாசல்ல எழுதியிரிக்கு, வாசிக்கல்லயா?"

அவன் திரும்பிப் போய் வாசித்துவிட்டு வந்தான். பிறகு வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிட்டான். பால் தொடர்ந்து வந்தது.

ஒருவருக்கு மட்டும் இல்லை என்றால் அவருக்கு அது அவமானம். எல்லாருக்கும் இல்லை என்றால் அது கடை வழக்கம். ஆனால் அந்த வழக்கம் முதலில் உங்களுக்கு நோகவேண்டும். எங்களுக்கு நன்றாகவே நொந்தது. மச்சாள் உலையில் போடும் அரிசியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். என் வீட்டுக்காரர் சைக்கிள் கடையில் கூடுதல் நேரம் இருந்தார். எங்களுக்கு நொந்ததைப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். மெல்ல மெல்லச் சனம் வந்து இருந்து சாப்பிடப் பழகியது. வங்கிக்காரர் பக்கத்தில் மீன்காரர், அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரி நேர்ஸ், அவவுக்கு எதிரில் நானாவின் பொடியன்மார். பார்சல் கட்டிய காலத்தில் அந்த அறையில் இவ்வளவு சிரிப்பும் சத்தமும் இருந்ததில்லை.

இனிச் சொல்லப்போவதை நான் பல காலம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், நல்ல கூட்டம். என் தம்பியோடு படித்தவன் அன்றைக்கும் வந்திருந்தான். வாங்கில் இருந்து பாதி சாப்பிட்டிருப்பான். அப்போது ஜீப் சத்தம் கேட்டது. அதிகாரி இறங்கினார். கூட வந்த இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு வாசலில் நின்றுகொண்டார்கள். அவர் மட்டும் உள்ளே வந்து, ஒரு பீங்கானை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றார்.

"பார்சல் இல்லை. அதால நான் வந்த" என்றார் என்னைப் பார்த்து.

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கண் மட்டும் வாங்குப் பக்கம் போயிற்று. அவனுடைய கை சோற்றில் நின்றுவிட்டது. உடம்பு எழும்பத் தயாராகிறது. அவன் எழும்பினால் பாதிச் சோற்றோடு பீங்கான் மேசையில் கிடக்கும். என் கடையில் யாரும் பாதியில் எழும்புவதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாசலில் நிற்கிறவர்களும் பார்ப்பார்கள்.

யோசிக்க நேரம் இல்லை. சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுடைய பீங்கானில் ஒரு பெரிய அகப்பை சோற்றைக் கொட்டினேன். அதன் மேல் இன்னொன்று.

"சாப்பிடு மனே. என்ன அவசரம்?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அகப்பையோடு அங்கேயே நின்றேன். அவன் குனிந்து சாப்பிடத் தொடங்கினான்.

அதிகாரிக்கும் மற்றவர்களுக்குப் போடுகிற அளவுதான் போட்டேன். அவர் இடம் தேடினார். இருந்த ஒரே இடம் அவனுக்கு எதிரில். போய் இருந்தார். இரண்டு பேரும் ஒரே மேசை. நடுவில் தயிர்ச் சட்டியும் நாட்டுச் சர்க்கரை டின்னும். மச்சாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அவனைத் தெரியும். அவளுடைய கையில் இருந்த மூடி கீழே விழுந்து உருண்டு ஓடியது.

அதிகாரி ருசித்துச் சாப்பிட்டார். பிறகு எதிரில் இருந்தவனைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊர்?"

அவன் சோற்றை விழுங்கப் பார்த்தான். நான் வைத்த சோறு அவ்வளவு. வாய் நிறைய இருந்தது. அவன் விழுங்கி முடிப்பதற்குள் மச்சாள் ஓடி வந்து தயிர்ச் சட்டியின் மூடியைத் திறந்துவிட்டாள்.

"சேர், தயிர் போடட்டா? எருமைத் தயிர். கத்தியால வெட்டித்தான் எடுக்கோணும். நீங்களே பாருங்க."

உண்மையிலேயே கத்தியைக் கொண்டுவந்து வெட்டினாள். அதிகாரி குனிந்து பார்த்தார். கேட்ட கேள்வி அந்தத் தயிரோடு போய்விட்டது. "இதுக்கு என்ன போடுற? சீனி?"

பதில் மச்சாளிடமிருந்து வரவில்லை. எதிரில் இருந்தவன் ஒருவழியாக விழுங்கி முடித்திருந்தான். சர்க்கரை டின்னை மெல்ல அவர் பக்கம் தள்ளினான்.

"சர்க்கரைதான் நல்லா இரிக்கும், சேர்."

"ஸ்தூதி" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார் அதிகாரி. போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு டின்னை மூடித் திரும்ப அவன் பக்கம் தள்ளினார். அவனும் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தலையைக் குனிந்து தயிர் சாப்பிட்டார்கள். எதிர் எதிரே இருந்து அப்படிச் சாப்பிடுகிற எந்த இரண்டு பேரையும் போலத்தான் இருந்தார்கள்.

அதிகாரி கை கழுவி, மற்றவர்களைப் போலவே காசு கொடுத்து, என்னிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஜீப்பின் சத்தம் தூரத்தில் தேயும் வரைக்கும் நான் அசையவில்லை. அவனும் அசையவில்லை. பிறகு பீங்கானைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, என்னத்துக்கு இவ்வளவு சோறு போட்ட? இப்ப ஓடெண்டு சொன்னாலும் என்னால ஓட ஏலா."

மச்சாள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அவன் எழும்பிக் கை கழுவினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் கடைக்கு வரவில்லை. அதிகாரிக்கும் வேறு இடத்துக்கு மாற்றம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பேருக்கும் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இருவரும் எங்கேயாவது உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை.

நான் செய்தது சரியா என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். அவனைத் தெரியும் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம், அவர் வருவதைக் கண்டதும் அவனைப் பின்வழியால் அனுப்பியிருக்கலாம் என்றெல்லாம் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கடைக்கு வந்த இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தங்கள் காலால் வெளியே போகவேண்டும். அதற்கு மேல் எதையும் தீர்ப்பது சோறு போடுகிறவளின் வேலை இல்லை.

அன்றைக்கு அவன் போன பிறகும் நான் வெறும் அகப்பையோடு நடு அறையில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் புதிதாகச் சேர்ந்த வரிசையில் வங்கி மனேஜர் ஐயா முதல் ஆளாகப் பீங்கானை நீட்டிக்கொண்டு நின்றார். நடந்த எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

"என்னம்மா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்றார். "ரெண்டு மணிக்குப் பேங்க் திறக்கோணும். பாலாணத்த ஊத்துங்க."

ஊற்றினேன்.